தூக்கிட்டுப் போகவா, குறி நிற்கவா? ஒரு தோல் வாரின் கதை

ரைஃபிள்ல ஒரு வார் தொங்கும், பார்த்திருப்பீங்க. எதுக்குன்னு கேட்டா, தோள்ல மாட்டிக்கன்னு சொல்லுவோம். அது பாதி பதில்தான்.

அமெரிக்க ராணுவம் 1903-ல ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளைக் கொண்டுவந்தது. அதுக்குப் பின்னாடி வந்த தோல் வாரோட பேரு எம்1907. அதே 1907-லதான் அவங்க தேசிய சுடும் போட்டிகள் ஒஹாயோவில் இருக்கிற கேம்ப் பெர்ரிக்கு இடம் மாறின. குறி பார்த்துச் சுடுறதை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்ட காலம் அது. வாரோட டிசைன்லயே அது தெரியும்.

ஒரு நீள வார், ஒரு குட்டை வார். ரெண்டையும் இணைக்க ஒரு உலோக வளையம். ஜோடி ஜோடியா ஓட்டைகள், அதுல மாட்ட ரெண்டு பித்தளைக் கொக்கிகள், நழுவாம பிடிக்க ரெண்டு தோல் வளையங்கள். நீள வார்தான் முன்பக்கம் ஒரு கண்ணி மாதிரி மடிஞ்சு நிற்கும்.

படுத்துச் சுடும்போது வலதுகைக்காரர் என்ன செய்வார்? முதல்ல பின்பக்கக் கொக்கியைத் தளர்த்துவார். கண்ணியை அரைத் திருப்பு இடப்பக்கம் திருப்பி, இடது கையை உள்ளே விட்டு, அக்குளுக்குக் கிட்ட மேல்கையில் ஏத்துவார். தோல் வளையத்தைக் கீழே தள்ளி இறுக்குவார். அப்புறம் கையை வாரைச் சுத்திக் கொண்டுவந்து ரைஃபிளைத் தாங்குவார். இப்போ எடையைத் தாங்குறது எலும்பும் வாரும்தான், தசை இல்லை. தசை களைச்சா நடுங்கும், எலும்பு நடுங்காது. ஏன் அவ்வளவு மேல ஏத்தணும்? கொஞ்சம் கீழே இறங்கினா நாடித்துடிப்பு வார் வழியா ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் குறி ஆடும்.

நீளம் சரியான்னு பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கு. ரைஃபிள் அடிக்கட்டையை வலது கையால கொஞ்சம் முன்னால தள்ளித்தான் தோள்ல பதிக்க முடியணும். சுலபமா வந்து உட்கார்ந்துடுச்சுன்னா, வார் லூஸ். ஒரு ஓட்டை குறைங்க.

சரி, எதிரி சுட்டுக்கிட்டு இருக்கும்போது இவ்வளவையும் யார் பொறுமையா செய்வா? அதுக்குத்தான் அவசர முறை. எதையும் அவிழ்க்காம, தோள்ல தொங்குற வாருக்குள்ளயே கையை விட்டு ஒரு சுத்து சுத்திக்கிறது. பிடி அவ்வளவு கெட்டியா இருக்காது, ஆனா உடனே நடக்கும்.

இரண்டாம் உலகப் போர் நடுவில் பருத்திப் பட்டை வார் வந்தது. ஒரே துண்டு, நகர்த்துற பக்கிள். தோல் நனைஞ்சா நீளும், பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் கேட்கும். பருத்திக்கு எண்ணெய் தேவையில்லை. நீளத்தை மாத்துறதும் சட்டுன்னு முடியும். ராணுவம் எடுத்தது சரியான முடிவுன்னுதான் எனக்குத் தோணுது. போர்க்களத்துல பத்து ஃபீச்சர் இருக்கிற டூலை விட, இருட்டுல கை தடவி இயக்குற டூல் பெருசு.

அப்போ எம்1 கேரண்ட் ரைஃபிள் புழக்கத்தில் இருந்தது. அதுல இன்னொரு சிக்கல். வாரை இறுக்கி இழுத்தா அந்த இழுப்பு குழல் வரைக்கும் போகும், குண்டு கொஞ்சம் கீழே இறங்கும். அதனால சைட்டை ஜீரோ பண்ணும்போதே, சுடப்போற இறுக்கத்துல வாரைக் கட்டிக்கிட்டுப் பண்ணணும்.

கேம்ப் பெர்ரியில் இன்னைக்கும் தோல் வாரைப் பார்க்கலாம். படுத்துச் சுட ஒரு ஓட்டை, உட்கார்ந்து சுட வேறொண்ணு. எந்த ஓட்டைன்னு குழம்பக் கூடாதுன்னு இப்போ சில வார்கள்ல பக்கத்துலயே நம்பர் அடிச்சு விக்கிறாங்க.