வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோ

1992ல் சேரன்மகாதேவி டீக்கடையில் ‘ரோஜா’ கேசட் ஓடினப்போ, “சத்தமே புதுசா இருக்கே”ன்னு கேட்டோம். பதில் கோடம்பாக்கத்தில் இருந்தது.

1976ல் இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் இறந்தபோது மகன் திலீப்புக்கு வயது 9. அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்து, விளம்பரங்களுக்கு இசையமைத்த அந்தப் பையன்தான் ஏ.ஆர். ரஹ்மான். 1989ல் வீட்டுக்குப் பின்னால் அவர் அமைத்தது ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’.

பெரிய ஸ்டூடியோக்களில் கால்ஷீட் கணக்கு. வாத்தியக்காரர்கள் கூடி வாசித்துக் குறித்த நேரத்துக்குள் முடிக்கணும். இங்கே ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஒலியாக அடுக்கலாம், பிடிக்கலைன்னா அழிக்கலாம்.

முதல் படத்துக்கே தேசிய விருது. டீக்கடையில் கேட்ட அந்தப் புதுசுக்கு, தப்பு பண்ணித் திருத்திப் பார்க்க ஒரு சொந்த அறை இருந்ததும் காரணம்னு நினைக்கிறேன்.