சொந்தமா ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் போறீங்களா? 6 அடி உயரக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

குண்டூர் நாடு அமைந்துள்ள கொல்லிமலையின் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இப்படிப்பட்ட வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முழங்கால் இடித்தால் ஆபத்துதான். வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் உயரமானவர்களுக்கு இதுதான் சிக்கல்.

எதை அளக்கணும்?

சேஸிஸுக்கு இரும்புக் குழாய் வெட்டும் முன்பே, ஓட்டுபவரை ஹெல்மெட்டோடு சீட்டில் உட்காரவைத்து அளக்கணும். கால் நீளம், உட்கார்ந்த உயரம், தோள் அகலம் மூன்றும் முக்கியம்.

பெடலை முழுசா மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்கணும். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார், ஹெல்மெட்டைவிட உயரமாக இருக்கணும்.

எவ்வளவு கூட்டலாம்?

பிரிட்டனின் கேட்டர்ஹாம் நிறுவனம், பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்கான எஸ்வி சேஸிஸை 110 மி.மீ. அகலப்படுத்தியது.

ரோட்டில் ஓட்டலாமா?

பதிவு செய்யாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு தடை விதிக்கிறது.