'கொழும்பு' என்று தேடினால் ஏன் வருவதில்லை?

 

தொண்ணூறுகளில் எமது பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் நினைவு மலர்கள், வினாத்தாள்கள் என்று எத்தனையோ பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின. தாளில் பார்த்தால் அழகான தமிழ். கோப்புக்குள் இருந்ததோ ஆங்கில எழுத்து. 'கொழும்பு' என்பதைக் கணினி என், எஃப், எச், பெரிய ஓ, கே, அரைப்புள்ளி, பெரிய ஜி என்றுதான் சேமித்தது. பாமினி அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது, அவ்வளவுதான். (எமது முன்னோரும் அரபு எழுத்தில் தமிழ் எழுதியவர்கள். ஆனால் அரபுத் தமிழை வாசிக்க அந்த எழுத்துத் தெரிந்தால் போதும். இதற்கு அந்த ஃபொண்டே வேண்டும்.)

1991இல் யுனிகோடில் தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. அது நம் வீட்டுக் கணினிக்கு வந்துசேர வெகுகாலம் பிடித்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமே திஸ்கி குறியீட்டில் இருந்த நூல்களைப் பிறகு யுனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து காக்கும் நூலகம் 2005இல் தொடங்கியது. தாளாக மிஞ்சியதற்கு அந்த வழி உண்டு. கோப்பாக மட்டும் மிஞ்சியதற்கு வேறு வைத்தியம் வேண்டும்.

அந்த வைத்தியம் 'செட்'. 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் லீ மெக்மஹன் எழுதிய சின்னக் கருவி. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளைதான். "இதைக் கண்டால் அதை வை" என்று பட்டியல் எழுதிக் கொடுத்தால், நூறு கோப்பானாலும் வரி வரியாக மாற்றித் தரும்.

பட்டியலின் ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது. பாமினி கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு, 'க', அரவு என்று வைக்கும். யுனிகோடில் 'க' முதலில் வர வேண்டும். தனி எழுத்துகளை முதலில் மாற்றினால் 'ெகாழும்பு' என்றுதான் வரும். இதை முகநூலில் காணாதவர் யார்? ஆகவே 'கொ' போன்ற மூன்றெழுத்துக் கூட்டங்கள் முதலில், பிறகு இரண்டு, தனி எழுத்துகள் கடைசியில்.

இன்னொரு தொல்லை, இடையில் வரும் உண்மையான ஆங்கிலம். வெறும் எழுத்துக் கோப்பில் எது பாமினி, எது ஆங்கிலம் என்ற அடையாளம் இராது. ஆங்கிலத்தில் எழுதிய 'கொலம்போ' இந்தப் பட்டியலில் விழுந்தால் 'ஊழடழஅடிழ' ஆகிவிடும்! பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பழைய ஃப்ளொப்பி, சீடி வைத்திருப்பவர்கள் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள். எந்த ஃபொண்ட் என்று தெரிந்தால் உறையிலேயே எழுதி வையுங்கள். பாமினி இல்லாமல் வேறொன்றாக இருந்தால் பட்டியலே வேறு.