குரக்குத்தளியும் நஞ்சராயன் குளமும்

திருக்குடமுழுக்கு என்பது நீரால் நிகழும் விழா. வேள்விச் சாலையிலே மந்திரங்களால் தூய்மை பெற்ற கும்பநீர் விமானத்தின் உச்சியிலே சொரியப்பெறும் அக்கணத்தில், கீழே நின்று கைகுவித்து அண்ணாந்து நோக்கும் அன்பர்களின் முகத்திலும் சில துளிகள் தெறிக்கின்றன. அத்துளிகளைப் பெற்றவர் பிறவிப் பயன் பெற்றதாக மகிழ்கின்றனர். நீரின்றி அபிடேகம் இல்லை. அபிடேகம் இன்றிக் கோயில் இல்லை. ஆதலின் கோயில் வரலாறு கூறப் புகுவோர் அவ்வூரின் நீர் வரலாற்றையும் உடன் கூறுதல் முறையாகும். திருப்பூர்ப் பகுதியிலே இவ்விரண்டும் பிரிக்க இயலாதபடி இணைந்து நிற்கும் சிற்றூர் ஒன்றின் கதையை ஈண்டு அன்பர்களுடன் சிந்திக்க விழைகின்றோம்.

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி செல்லும் சாலையிலே, நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவில் சர்க்கார் பெரியபாளையம் என்னும் ஊர் உள்ளது. பாளையம் என்பது படை தங்கிய இடத்திற்குரிய பெயர். பின்னர்க் கொங்குநாட்டில் ஊர்களுக்கே பொதுப்பெயராயிற்று. சர்க்கார் என்னும் அடைமொழி, பாளையக்காரர் வழியாக அன்றி, அரசுக்கு நேரே வரி செலுத்திய ஊர் என்பதைக் குறிக்கும். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நெடுங்காலம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2009-ல் திருப்பூர் தனி மாவட்டம் ஆனபோது அம்மாவட்டத்தின் பகுதியாயிற்று.

ஆயினும் இவையெல்லாம் அண்மைக்காலச் செய்திகள். இவ்வூரின் பழம்பெயர் குரக்குத்தளி என்பதாம். தளி என்றால் கோயில். வானர அரசனாகிய சுக்ரீவன் இங்கே சிவபெருமானை வழிபட்டான் என்பது தலவரலாறு. அதனால் இறைவனுக்குச் சுக்ரீசுவரர் என்று திருநாமம், அம்மை ஆவுடைநாயகி. பழைய கொங்குநாட்டின் இருபத்து நான்கு நாடுகளுள் ஒன்றாகிய குறும்பு நாட்டைச் சேர்ந்த இத்தலத்தைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் தமது திருஊர்த்தொகையிலே நினைந்து போற்றுகின்றார். தனிப்பதிகம் பெறாது, பிற பாடல்களிடையே பெயர் பெற்ற இத்தகைய ஊர்களை வைப்புத்தலம் என்பர். இன்று இக்கற்றளி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்து வருகிறது.

இவ்வூரின் நில அமைப்பையும் நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது கொங்குநாடு. ஆண்டுக்கு 60, 70 சென்டிமீட்டர் அளவிலே பெய்யும் மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்து வாழ்ந்த பூமி இது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூருக்கு மேற்கே காவிரியிற் கலக்கும் நொய்யல் என்னும் காஞ்சிமாநதியே இதன் உயிர்நரம்பு. அந்நதியின் வடபுறத்திலே நல்லாறு என்னும் சிற்றாறு ஒன்று உண்டு. அவிநாசிப் பகுதியின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு, திருமுருகன்பூண்டிக் கோயிலின் அருகே ஓடி, கிழக்கு நோக்கி வருவது அது. முதலையுண்ட பாலனைச் சுந்தரர் மீட்டருளிய தலம் அவிநாசி. சேரமான் அளித்த பொருளை வேடர் பறிக்க, அவர் பாடி மீளப்பெற்ற தலம் திருமுருகன்பூண்டி. கொங்குநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் இவை இரண்டு. இவ்விரு தலங்களின் மழைநீரும் வந்து தங்கும் இடமே சர்க்கார் பெரியபாளையத்துப் பெருங்குளம்.

இக்குளத்தைக் கூலிபாளையம் குளம் என்றும் அழைப்பர். நஞ்சராயன் குளம் என்பது புகழ்பெற்ற பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்னும் மன்னன் இதனைப் பழுதுபார்த்துச் சீர்செய்தமையால் இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். அன்பர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். குளத்தை முதலில் வெட்டியவன் யார் என்பதை ஊர் மறந்துவிட்டது. உடைந்ததைத் திருத்தியவனுடைய பெயரையோ இன்றளவும் நாவில் வைத்துப் போற்றுகின்றது. ஆக்குதல் அரிது, ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது என்பதை எழுத்தறியாத பாமரரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்கருத்து தமிழகத்திற்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டிலே, முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஊர்ச்சபையின் அங்கமாக ஏரி வாரியம் ஒன்று குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. அறம் செய்த மன்னர்கள் பலர், தமக்குப் பின் அந்த அறத்தைக் காப்பவருடைய திருவடி தம் தலைமேல் இருப்பதாக என்று கல்லிலே பொறித்து வைத்தனர். முடி தரித்த தலை, பின்னாளில் வரும் பெயர் தெரியாத ஒருவரின் அடியைத் தாங்க முன்வந்தது! காப்பவருக்கு நம் முன்னோர் வைத்திருந்த மதிப்பு அத்தகையது.

குரக்குத்தளிக் கோயிலே இவ்வுண்மையைக் கதைவடிவிற் கூறுகின்றது. இங்கே இறைவன் திருமுன்னர் இரண்டு நந்திகள் உள்ளன. தம் பயிரை நாள்தோறும் மேய்ந்த காளையொன்றின் காதை உழவர் ஒருவர் சினத்தால் வெட்டினார் என்றும், மறுநாள் கோயிலுக்கு வந்தபோது கல் நந்தியின் காதிலிருந்து குருதி வழியக் கண்டு நடுங்கினார் என்றும் ஊரார் கூறுவர். பிழைபொறுக்க வேண்டி அவர் புதியதோர் நந்தியைச் செய்வித்து வைத்தாராம். ஆனால் இறைவன் திருவுளம் வேறாக இருந்தது. ஊனமுற்ற பழைய நந்தியே முன்நின்றது, புதியது பின்னே இருந்தது. நம்மாற் காயமுற்றதை விலக்கிவிட்டுப் புதியதொன்றை வைத்துவிடுவதால் குற்றம் தீராது என்பதே இக்கதையின் உட்பொருள் போலும்.

மற்றொரு கதையும் உண்டு. மிளகு மூட்டைகளைக் கொண்டுசென்ற வணிகன் ஒருவன், அவை பயறு என்று பொய் கூற, மிளகெல்லாம் பயறாயிற்று. பின் வருந்தி வேண்ட மீண்டும் மிளகாயிற்று. கதையாயினும் அதனுள் வரலாற்றின் மணம் வீசுகின்றது. மேலைக் கடற்கரையிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியே கீழ்நோக்கிச் சென்ற பழைய வணிகப் பெருவழி நொய்யற்கரையை ஒட்டியே அமைந்தது. இதே நதியின் கீழ்ப்பகுதியில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், மணிகள் செய்த பட்டறைகளையும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தன. திருப்பூர் இன்று உலகுக்கு ஆடை அனுப்புகின்றது. நொய்யற்கரை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உலகோடு வாணிகம் செய்த கரையாகும்.

அவ்வாணிகமே இக்காலத்தில் ஒரு சோதனையையும் கொண்டுவந்தது. பருத்திச் சந்தையாக இருந்த திருப்பூர் பின்னலாடை நகரமாக வளர்ந்தது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்குச் சோறிட்டது. பல ஆலயத் திருப்பணிகளும் அவ்வருவாயால் நிறைவேறின என்பதை நன்றியோடு கூறுதல் கடன். ஆனால் துணிக்கு ஏற்றிய வண்ணம் ஆற்றிலும் ஏறியது. பாசனத்திற்கென 1990-களின் தொடக்கத்திலே கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்க, உழவர் அந்நீரை வேண்டோம் என்று கூறும் நிலை வந்தது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத முறையை மேற்கொள்ளும் வரை சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் பட்டறைகள் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறலாயின. காது அறுந்த நந்தியின் கதை நமக்கே உரியதாயிற்று அன்றோ!

இத்தகைய காலத்திலே நஞ்சராயன் குளம் பிழைத்திருந்தது பெரும்பேறு. அங்கு வரும் பறவைகளை உள்ளூர் அன்பர்கள் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வந்தனர். இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துக்களும் பனிக்காலத்தில் இங்கே தங்குகின்றன. 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் இங்கே காணப்பெற்றதாகப் பதிவு உண்டு. 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாக இக்குளம் ஏற்கப்பட்டது. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, 2024 ஆகஸ்டில் 125.865 எக்டேர் பரப்புள்ள இக்குளம் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. மன்னன் செய்ததை இம்முறை குடிமக்களே முன்னின்று தொடங்கினர் என்க.

குடமுழுக்குத் திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்களே! நீங்களும் நஞ்சராயன் மரபினரே. யாரோ எடுத்த கோயிலின் பழுது நீக்கிப் புதுக்கியவர்கள் நீங்கள். ஆனால் அடுத்த குடமுழுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வரும். அன்று கும்பத்தில் நிரப்ப நம் ஊர்க் குளத்திலும் கிணற்றிலும் தூயநீர் இருத்தல் வேண்டும். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டிய கைகள் குளத்தின் கரையையும் உயர்த்துமாயின், மதகையும் வாய்க்காலையும் தூர்வாருமாயின், அத்திருப்பணியே முழுமை பெறும்.

சுக்ரீசுவரர் திருமுன்னே பழைய நந்தி காதின்றியும் அமர்ந்திருக்கின்றது. அருகே நல்லாற்று நீரில் பறவைகள் இறங்குகின்றன. இரண்டையும் ஒருசேரக் கண்டு வணங்கி வருமாறு அன்பர்களை வேண்டி அமைகின்றோம்.