லிமக்ஸ்

லிமக்ஸ்: ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி தன் அலுவலகக் கணினிகளை விண்டோசிலிருந்து லினக்சுக்கு மாற்றிய திட்டம். அதற்காக மாநகராட்சியே தொகுத்த இயங்குதளத்துக்கும் இதே பெயர். லினக்சின் பென்குயினுக்கு மியூனிக் நகரச் சின்னமான குட்டித் துறவியின் அங்கியை மாட்டிவிட்டதே இதன் இலச்சினை.

விண்டோஸ் என்.டி. 4-க்கான ஆதரவு முடியவிருந்ததால், சுமார் 14,000 கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 2003 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேயைப் பார்க்க வந்தார். நிறுவனம் விலையையும் குறைத்தது. ஆயினும் மே 28 அன்று மாமன்றம் லினக்சையே தேர்ந்தது. மென்பொருள் காப்புரிமை குறித்த அச்சத்தால் 2004-இல் பணி சிறிது காலம் நின்றது. கணினிகள் மாறத் தொடங்கியது 2006-இல்.

இயங்குதளத்தைவிட அதிகம் படுத்தியவை கடிதப் படிவங்கள். துறைக்கொரு வார்ப்புரு, ஆளுக்கொரு மேக்ரோ என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்தன. இவற்றை ஒழுங்குபடுத்த மாநகராட்சி நிரலர்கள் ஓப்பன் ஆபீசுக்கு எழுதிய துணை மென்பொருள் வோல்மக்ஸ். எழுத்தர் புதுக் கடிதத்தைத் திறந்தால் துறையின் முகப்பும் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் தாமாகவே வந்து அமரும். முட்டையிட்டு, கம்பளியும் பாலும் கொடுக்கும் பன்றி என்றொரு பிராணி ஜெர்மானியர் பேச்சில் உண்டு. எல்லா வேலையும் செய்யும் ஒன்றைக் கேலியாக அப்படிச் சொல்வார்கள். வோல்மக்ஸ் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. 2008-இல் அது பொதுவில் வெளியிடப்பட்டது.

2013 இறுதியில் 14,800-க்கு மேற்பட்ட கணினிகள் மாறியிருந்தன. செலவுக் கணக்கில் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்றது மாநகராட்சி. மைக்ரோசாஃப்டுக்காக எச்.பி. தயாரித்த அறிக்கையோ விண்டோசிலேயே இருந்திருந்தால் செலவு மிகக் குறைந்திருக்கும் என்றது. மாநகராட்சி அதை ஏற்கவில்லை.

2014-இல் டீட்டர் ரைட்டர் மேயரானார். 2017-இல் மாமன்றம் விண்டோசுக்குத் திரும்ப முடிவெடுத்தது. வெளி ஆவணங்களோடும் செயலிகளோடும் ஒத்துப்போகவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் 2016-இல் மியூனிக் நகருக்குள் குடிவந்ததை இதோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. கோளாறு லினக்சில் அல்ல, பல கூறாகச் சிதறிக்கிடந்த கணினி நிர்வாகத்தில்தான் என்பது மற்றொரு சாராரின் வாதம்.

2020-இல் மியூனிக் மாமன்றத்தில் அமைந்த பசுமைக் கட்சி, சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டணி இயன்ற இடங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று ஒப்பந்தம் எழுதியது. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லினக்சுக்கும் லிப்ரே ஆபீசுக்கும் மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்தது.