ஸ்டாப் போட்டும் பாஸ் ஆகும் செக்

ஜலந்தர் வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. விவசாயக் கடன் பிரிவில் வேலை. பக்கத்து நவான்ஷஹர் மாவட்டத்தில் (2008-லிருந்து ஷஹீத் பகத் சிங் நகர்) சில கிராமங்களின் மண்ணில் செலினியம் அதிகம். அங்கே விளைந்த தீவனம் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டும், குளம்பு வெடித்துக் கழன்றுகூட விழும். லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பல வருஷம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எருமை வாங்கக் கடன் கொடுக்கும் எங்களுக்கு இது வெறும் கெமிஸ்ட்ரி பாடம் இல்லை.

இதே செலினியம் நம் உடம்பில் சில புரதங்களுக்குள் உட்கார்ந்து நம்மைக் காப்பாற்றுகிறது என்று பயோடெக் படிக்கும் என் பெண் சொன்னாள். "அந்தப் புரதத்தை லேப்ல செய்யறதுதான்பா பெரிய பாடு" என்றாள். காமர்ஸ் படித்தவனுக்கு இது போதாதா? ஒரு மாசமாக இதே படிப்புதான்.

1817-ல் ஸ்வீடனில் பெர்சீலியஸ், தான் பங்கு வைத்திருந்த கந்தக அமிலத் தொழிற்சாலையில் அடியில் தங்கிய சிவப்பு வண்டலைச் சோதித்தார். முதலில் டெல்லூரியம் என்று நினைத்தார், பிறகு புதுத் தனிமம் என்று தெரிந்தது. டெல்லூரியத்துக்கு பூமியின் பெயர் இருந்ததால் இதற்கு நிலாவின் கிரேக்கப் பெயரை வைத்தார். பெயர்தான் நிலா. 1930-களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகளைக் கெடுத்தது இதுதான் என்று தெரிந்ததும் விஷம் என்றே பேர் ஆகிவிட்டது.

1957-ல் கிளாஸ் ஷ்வார்ட்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். எலிகளின் கல்லீரல் செத்துப்போவதைத் துளியூண்டு செலினியம் தடுத்தது. 1973-ல் காரணமும் தெரிந்தது. செல்லுக்குள் சேரும் பெராக்ஸைடைத் தண்ணீராக்கும் குளுடாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிக்குள் செலினியம் இருந்தது.

எலி சரி, மனுஷன்? சீனாவில் கேஷான் நோய் என்று ஒன்று, இதயத் தசையைத் தாக்கும். 1935-ல் வடகிழக்கே கேஷான் பகுதியில் அடையாளம் காணப்பட்டது. பலியானது பெரும்பாலும் குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும். அந்த மண்ணில் செலினியம் மிகக் குறைவு. 1974-ல் சிச்சுவான் மாகாணத்து மியான்னிங்கில் 1 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு வாரம் ஒரு சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 4510 பேரில் நோய் வந்தது 10 பேருக்கு. வெற்று மாத்திரை சாப்பிட்ட 3985 பேரில் 54 பேருக்கு. அடுத்த வருஷம் 6767-ல் 7, 5445-ல் 52. அதோடு வெற்று மாத்திரையை நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். (ஒரு வைரஸும் கூட்டு என்று பிறகு தெரிய வந்தது.)

பேலன்ஸ் ஷீட் பார்த்துப் பழகிய கண், அந்த 52-ஐ விட்டு நகரவில்லை. முதல் வருஷ முடிவிலேயே எல்லோருக்கும் கொடுத்திருக்கக் கூடாதா? ஆனால் ஒரே வருஷக் கணக்கை நம்பி, விஷம் என்று பேர் வாங்கியதை ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் கொடுக்க எந்த டாக்டருக்குக் கை வரும்? எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

இனி என் பெண் சொன்ன 'பாடு'. ஜீனில் எழுதியிருப்பதை செல் மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதம் கட்டும். யு-ஜி-ஏ என்று வந்தால் 'நிறுத்து' என்று அர்த்தம். 1986-ல் எலியின் ஜீன் ஒன்றிலும் பாக்டீரியாவின் ஜீன் ஒன்றிலும் அந்தச் சொல் நடுவிலேயே இருந்தது. செல் நிற்கவில்லை. அந்த இடத்தில் செலினியம் உள்ள செலினோசிஸ்டீனைச் சேர்த்துவிட்டு மேலே போனது! எங்கள் பாஷையில் ஸ்டாப் பேமெண்ட் போட்ட செக், கூடவே 'இதை மட்டும் பாஸ் பண்ணவும்' என்று ஒரு கடிதம். பாக்டீரியாவில் கடிதம் செக்கை ஒட்டியே இருக்கும். நம் செல்லில் ஃபைலின் கடைசியில் இருக்கும். மனித இன்சுலினை பாக்டீரியாவில் செய்து 1982-லிருந்தே விற்கிறார்கள். ஆனால் மனித செலினியப் புரதத்தின் ஜீனைக் கொடுத்தால், பாக்டீரியா பக்கத்தில் பார்க்கும், கடிதம் இல்லை, செக் ரிட்டர்ன். பாதிப் புரதம்தான் மிச்சம்.

குறுக்குவழி ஒன்று உண்டு. செலினோசிஸ்டீனுக்குப் பதில் கந்தகம் உள்ள சிஸ்டீனைப் போட்டுவிடுவது. முழுப் புரதம் வரும், ஆனால் வேலைத் திறன் பெரும்பாலும் படுத்துவிடும். ஆராய்ச்சிக்கு விற்கும் குப்பிகளில் இப்படிப்பட்டவையும் உண்டு. லேபிளைப் படிக்காமல் வாங்கினால் பணம் போச்சு, சோதனையும் போச்சு.

1999-ல் ஸ்டாக்ஹோமும் மியூனிக்கும் சேர்ந்து எலியின் தயோரெடாக்ஸின் ரிடக்டேஸை பாக்டீரியாவில் செய்தார்கள். அதில் செலினோசிஸ்டீன் கடைசிக்கு முந்தைய இடம், அதனால் பாக்டீரியாவின் கடிதத்தைப் புரதத்துக்கு வெளியே ஒட்ட முடிந்தது. மனிதனுக்கு இப்படி 25 ஜீன்கள் என்று 2003-ல் கணக்கெடுத்தார்கள். பலவற்றில் செலினியம் நடுவில். செலினோபுரதம் பி-யில் பத்து இடங்களில்! 2017-ல், ஒரு 'நிறுத்து' சொல்லைப் படிக்கும் ஆளையே வேலையிலிருந்து எடுத்துவிட்ட பாக்டீரியாவில், அந்தச் சொல்லைச் செலினோசிஸ்டீனுக்கு ஒதுக்கி மனித குளுடாதயோன் பெராக்ஸிடேஸைச் செய்தார்கள். செய்தது ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம். 1810-ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர், அந்த சிவப்பு வண்டல் பெர்சீலியஸ்தான்.