மிரி எண்ணெயின் முன்கதை



மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு எங்கே என்று கேட்டால், "சரவாக், மிரி, 1910" என்று நம் மாணவர்கள் விடை கூறிவிடுவர். விடை சரியே. ஆனால், ஏன் மிரி? ஏன் அந்தக் குன்று? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், 1910 அவ்வரலாற்றின் முதல் அத்தியாயமன்று, மிகப் பிந்திய அத்தியாயம் என்பது புலப்படும்.

இன்றைய தென்சீனக் கடலுக்கு முன்னர், வடமேற்குப் போர்னியோவை ஒட்டி ஒரு பழங்கடல் இருந்தது. சில கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் தளம் போர்னியோவின் அடியில் மெல்லச் செருகியது. அந்த நெருக்கத்தில் தீவின் உட்பகுதி மலையாக உயர்ந்தது. உயர்ந்த மலையை மழை அரித்தது. ஆறுகள் மணலையும் சேற்றையும் சுமந்து வந்து கடலில் கொட்டின. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளாக இவ்வாறு உருவானதே பாராம் கழிமுகப் படுகை. அங்கே படிவுகளின் தடிமன் பல கிலோமீட்டர்.

அந்த வண்டல் எங்கும் ஒரே சீராகப் பரவிவிடவில்லை. மேலே குவிந்த மணலின் பாரத்தைத் தாங்காமல் அடியிலிருந்த மென்சேறு நழுவ, படிவுகளில் பிளவுகள் தோன்றின. பிளவின் ஒருபக்கம் தாழத் தாழ, புதிதாக வந்த மணல் அப்பள்ளத்திலேயே மிகுதியாகத் தங்கியது. ஆகவே பிளவின் ஒருபுறம் தடித்த மணலடுக்கும் மறுபுறம் மெலிந்த அடுக்கும் காணப்படுகின்றன. மணலைக் கொண்டு வந்தது ஆறு. அது எங்கே தங்க வேண்டும் என்பதை முடிவு செய்தது நிலத்தின் அசைவு.

பின்னர் பக்கவாட்டு நெருக்கம் மீண்டும் அவ்வடுக்குகளை மடித்தது. மேசை விரிப்பை இரு கைகளாலும் நெருக்கினால் நடுவில் புடைக்குமல்லவா? அத்தகைய புடைப்பில், மணலின் நுண்துளைகளுக்குள் ஊறி வந்த எண்ணெய் மேலேறித் தேங்கியது. களிமண் அடுக்கு அதற்கு மூடியாயிற்று. மிரியின் கனடா குன்று அவ்வகை மடிப்பின் மேல் அமைந்ததே.

உள்ளூர் மக்கள் கையால் தோண்டிய குழிகளிலிருந்து எண்ணெய் எடுத்து வந்ததை, பாராம் பகுதி ஆட்சியாளர் டி கிரெஸ்பிக்னி 1882-இல் பதிவு செய்தார். 1909-இல் சுவிஸ் நிலவியலாளர் எர்ப் அக்குன்றை ஆராய்ந்து கிணற்றுக்கு இடம் குறித்தார். 1910 ஆகஸ்டு 10-இல் துளையிடத் தொடங்கினர்; டிசம்பர் 22-இல் எண்ணெய் கிடைத்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 83 பீப்பாய். அக்கிணறு 1972-இல் மூடப்பட்டது.

அதே படிவுகள் கரையோடு முடிந்துவிடவில்லை. கடலுக்கு அடியிலும் தொடர்கின்றன. 1963-இல் பாராம் கடல்வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நிலத்தில் கற்ற பாடமே கடலிலும் கைகொடுத்தது.

ஆண்டையும் பெயரையும் மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளை, தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிடும். ஒன்றரைக் கோடி ஆண்டு உழைப்பின் சேமிப்பில் ஒரு பகுதியை 62 ஆண்டுகளில் ஒரு கிணறு இறைத்து முடித்தது என்று உணரும் பிள்ளையோ, மண்ணெண்ணெய், பெட்ரோல் என்ற சொற்களைக் கேட்கும் போதெல்லாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கும். புவியியலையும் வரலாற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்காமல் ஒன்றாகக் கற்பிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.